சுறாப்புட்டில் பாதரசம்: கடலூர் வீடு ஒன்றில் எழுந்த கேள்வி

நிகழ்வு

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு மீனவக் குடும்பம். வீட்டு மருமகளுக்கு இரண்டாவது பிரசவம் முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பால் நன்றாக ஊற வேண்டும் என்று, வீட்டுப் பெரியவரான ஆயா வாரத்துக்கு மூன்று நாளாவது பால்சுறாப் புட்டு செய்து கொடுத்து வந்தார். நான்காவது வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போக ஆரம்பித்தன. ராத்திரியில் தொந்தரவு அதிகம். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் கொஞ்சம் குறையும்.

அவருடைய தம்பி என்னிடம் உயிர்வேதியியல் படித்தவன். கைபேசியில் தேடியிருக்கிறான். சுறா, பாதரசம், விரல் மரத்தல், ஜப்பானின் மினமாட்டா பாதரச நோய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழ, வீடே கலங்கிவிட்டது. தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் பால் பவுடருக்கு மாறிவிடலாமா என்று பேச்சு. “மேடம், நீங்க ஒரு தடவ வந்து சொல்லுங்க, நான் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க” என்று அழைத்தான்.

அங்கே எனக்கு மூன்று கேள்விகள் காத்திருந்தன. விரல் மரப்பது சுறாவாலா? குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? மூன்றாவது ஆயாவுடையது: “நாங்க என்ன பச்சையாவா தின்றோம்? தண்ணியில வேகவச்சு, அந்தத் தண்ணிய கீழ ஊத்திட்டு, சதையப் பிழிஞ்சு எடுத்துத்தானம்மா புட்டு பண்றோம். எந்த வெஷமா இருந்தாலும் அதுலயே போயிடுமே?”

மூன்றிலும் கூர்மையான கேள்வி ஆயாவுடையதுதான். அதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால், மீனில் சேரும் பாதரச வடிவமான மீத்தைல் பாதரசத்தின் வேதியியல் முக்கால்வாசி புரிந்துவிடும்.

முதலில் விரல்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பல ஆண்டுகள் சோதித்த சுறாக்களில் பாதரசத்தின் சராசரி கிலோவுக்கு 0.979 மில்லிகிராம். நம் பால்சுறா சிறிய இனம். இரையும் சின்னது, வயதும் குறைவு. அதனால் அளவு இதைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு. இருந்தாலும் மோசமான பக்கமாகவே வைத்து, கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றே கணக்குப் போட்டேன். ஒரு வேளைக்கு 200 கிராம் என்றால் 0.2 மில்லிகிராம். வாரம் மூன்று முறை, ஐந்து வாரம் என்றால் மொத்தம் 3 மில்லிகிராம்.

1971-72இல் இராக்கில், மீத்தைல் பாதரசப் பூஞ்சைக்கொல்லி பூசிய விதைக் கோதுமையை மக்கள் ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டார்கள். 6,530 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 459 பேர் அங்கேயே இறந்தார்கள். அந்தத் துயரத்திலிருந்துதான் அளவுக்கும் அறிகுறிக்கும் உள்ள தொடர்பு உலகத்துக்குத் தெரியவந்தது. பெரியவர்களுக்கு விரல் மரத்தல் தொடங்கியது, உடம்பில் ஏறக்குறைய 25 மில்லிகிராம் சேர்ந்த பிறகு. இந்தப் பெண் சாப்பிட்டது முழுக்க உடம்பிலேயே தங்கியது என்று வைத்தாலும் அதில் எட்டில் ஒரு பங்குதான்.

தவிர, மீத்தைல் பாதரசத்தின் மரப்பு ஒரு கையில் மூன்று விரலோடு நிற்காது. இரண்டு கை, இரண்டு கால், வாயைச் சுற்றி என்று வரும். அப்புறம் நடை தள்ளாடும், பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கும், பேச்சு குழறும். இங்கே மரத்தவை மணிக்கட்டு வழியே போகும் ஒரே ஒரு நரம்பு ஆளும் விரல்கள். புதுச்சேரியில் நரம்பியல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு அதையேதான் சொன்னார்: கார்பல் டனல், அதாவது மணிக்கட்டில் அந்த நரம்பு அழுந்துவது. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் மாதங்களிலும் சாதாரணமாக வருவது. ராத்திரியில் மணிக்கட்டுக்குப் பட்டை கட்டச் சொல்லி அனுப்பினார்.

தம்பி படித்த இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வேதியியலாளர் காரென் வெட்டர்ஹான் 1996 ஆகஸ்டில், ரப்பர் கையுறை போட்டிருந்தும், ஆய்வகத்தில் சில சொட்டுச் சேர்மம் கையில் பட்டு, 1997 ஜூனில் இறந்தார். அது டைமீத்தைல் பாதரசம். மீனில் நாம் சாப்பிடுவது அது இல்லை. ஆனால் ஒரு விஷயம் பொதுவானது: பட்ட நாளுக்கும் முதல் அறிகுறிக்கும் நடுவே ஐந்து மாதத்துக்குப் பக்கமாக அவர் நன்றாகவே இருந்தார். பாதரசம் மூளையில் சேரும், பாதிப்பு தாமதித்துத்தான் தெரியவரும்.

விரலுக்குச் சுறா காரணமில்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனால் அத்தோடு விட முடியவில்லை. உணவுச் சேர்க்கைகளை ஆராயும் உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இரண்டின் கூட்டு நிபுணர் குழு 2003இல் வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். 50 கிலோ பெண்ணுக்கு வாரம் 80 மைக்ரோகிராம். நான் போட்ட மோசமான கணக்கில் ஒரு தட்டுப் புட்டே 200. கால்வாசிதான் இருக்கிறது என்று இறக்கிப் பார்த்தாலும் தட்டுக்கு 50, மூன்று தட்டுக்கு 150. வரம்பைத் தாண்டுகிறது. அந்த வரம்பு தாயின் விரலை வைத்துப் போட்டதில்லை. வயிற்றில் வளரும் சிசுவின் மூளையை மனதில் வைத்துப் போட்டது.

வேகவைத்த தண்ணீரில் என்ன போகிறது

ஆயா புட்டு செய்வதை அடுப்படியில் நின்று பார்த்தேன். மஞ்சள் போட்ட தண்ணீரில் துண்டுகள் வெந்ததும் மணல்காகிதம் போன்ற தோல் தனியாகக் கழன்று வருகிறது. தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார். மூக்கில் ஏறும் மூத்திர வாடை அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. பிறகு சதையை உதிர்த்து, உள்ளங்கையில் வைத்து இறுகப் பிழிந்து, பூண்டும் வெங்காயமும் கருவேப்பிலையும் வதங்கும் சட்டியில் கொட்டிக் கிளறுகிறார்.

அந்த வாடைக்குக் காரணம் யூரியா. கடலின் உப்புக்கு ஈடுகொடுக்கச் சுறாக்கள் இரத்தத்திலும் சதையிலும் யூரியாவைச் சேர்த்து வைத்திருக்கின்றன. மீன் செத்த பிறகு அது அம்மோனியாவாக உடைகிறது. யூரியா சின்ன மூலக்கூறு, தண்ணீரில் தாராளமாகக் கரையும், சதையின் எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்காது. அதனால் வேகவைத்து வடித்தால் போய்விடுகிறது. ஆயாவின் அனுபவம் பொய் சொல்லவில்லை. கெட்டது ஒன்று தண்ணீரோடு போவதைத் தலைமுறை தலைமுறையாக மூக்கால் அறிந்தவர்கள், எல்லாக் கெட்டதும் அப்படித்தான் போகும் என்று நம்புவது இயல்புதானே.

மீத்தைல் பாதரசம் மட்டும் அப்படிப் போகாது. ஒரு பாதரச அணு, அதன் ஒரு பக்கம் ஒரு மீத்தைல் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்); மறுபக்கம் காலி. அந்தக் காலிப் பக்கத்துக்கு எது கிடைத்தால் பிடிக்கும் என்பதில்தான் கதை முழுவதும் இருக்கிறது. பாதரசம் பெரிய அணு. அதன் எலக்ட்ரான் மேகம் எளிதில் நெளிந்து கொடுக்கும். அதுபோலவே நெளிந்து கொடுக்கும் கந்தகத்தின் மேல்தான் அதற்கு நாட்டம். குளோரைடு அயனியோடு மீத்தைல் பாதரசம் சேர்வதன் சமநிலை மாறிலி, அதாவது பிடிப்பின் வலுவைக் காட்டும் எண், ஏறக்குறைய 10⁵. சிஸ்டீன் அமினோ அமிலத்தின் கந்தகத்தோடு சேர்வது ஏறக்குறைய 10¹⁶. நடுவில் உள்ள வித்தியாசம் பத்தாயிரம் கோடி மடங்கு. கடல் நீரில் அவ்வளவு குளோரைடு இருந்தும், ஒரு மீனின் உடம்புக்குள் போனதும் மீத்தைல் பாதரசம் குளோரைடை உதறிவிட்டுப் புரதத்தின் சிஸ்டீனைப் போய்ப் பிடித்துக்கொள்வது இதனால்தான். 2003இல் மீன் சதையை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தபோது பாதரசம் சிஸ்டீனோடு சேர்ந்த வடிவிலேயே இருப்பது தெரிந்தது.

சுறாச் சதையை வேகவைத்தால் புரதம் சுருளவிழ்ந்து கெட்டியாகும். கந்தகத்துக்கும் பாதரசத்துக்கும் நடுவிலுள்ள பிணைப்பு அப்படியே இருக்கும். வடிகிற தண்ணீரில் யூரியா போகிறது, உப்பு போகிறது; புரதம் சட்டியிலேயே இருக்கிறது, அதோடு பாதரசமும். பிழிந்து நீரை எடுத்துவிடுவதால் ஒவ்வொரு கிராம் புட்டிலும் பாதரசத்தின் செறிவு பச்சை மீனைவிடக் கொஞ்சம் கூடுகிறது என்பதே உண்மை. தோலையும் கொழுப்பையும் நீக்கிவிட்டால் சரியாகுமா என்றும் கேட்டார்கள். கொழுப்பில் தங்கும் நஞ்சுகள் வேறு இருக்கின்றன, அவற்றுக்கு அந்த வழி உதவும். இது கொழுப்பில் தங்குவதில்லை. நாம் ஆசையாகத் தின்னும் அந்தச் சதையிலேயே இருக்கிறது.

பூண்டு

தம்பி இங்கே நல்ல கேள்வி ஒன்று கேட்டான். பூண்டில் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றனவே, அவை பாதரசத்தைப் பிடித்துக்கொள்ளாதா? பாடம் மனதில் தங்கியிருப்பவன்தான் இப்படிக் கேட்பான்.

பதிலுக்கு இன்னொரு குணத்தைச் சொல்ல வேண்டும். பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள பிடிப்பு மிகவும் வலுவானது. அதே சமயம் அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. பக்கத்தில் இன்னொரு தயால், அதாவது கந்தக-ஹைட்ரஜன் தொகுதி, வந்தால் மீத்தைல் பாதரசம் நொடிப்பொழுதில் அதற்கு மாறிவிடும். ஒரு கையை விடும் முன்பே அடுத்த கையைப் பற்றிக்கொள்ளும் சின்னக் குழந்தை மாதிரி, புதுக் கந்தகம் பிடித்த பிறகுதான் பழைய கந்தகம் விலகும். அதனால் பிடிப்பில்லாமல் தனித்து நிற்கும் மீத்தைல் பாதரசம் உடம்பில் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. ஆனால் அது எங்கேயும் போய்ச் சேரும். வலுவும் வேகமும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதுதான் இதன் கொடுமை என்று நான் நினைக்கிறேன். நஞ்சுகளைப் பற்றிப் பேசும்போது பிடிப்பின் வலுவை மட்டும் சொல்லிவிட்டு இந்த நடமாட்டத்தை விட்டுவிடுகிறோம்.

பூண்டின் கந்தகம் அதைப் பிடித்தாலும் குடலில் சிஸ்டீன் ஏராளமாகக் காத்திருக்கிறது. மாறிக்கொள்ளும். சின்னத் தயால் ஒன்றோடு சேர்ந்துவிட்டால் பயணம் இன்னும் சுலபம். சாப்பிட்ட மீத்தைல் பாதரசத்தில் 95 சதவீதம் குடல் வழியே இரத்தத்துக்குள் போய்விடுகிறது. தெர்மாமீட்டர் உடைந்து குழந்தை விழுங்கிவிடும் உலோகப் பாதரசம், ஆயிரத்தில் ஒரு பங்குகூட உட்கிரகிக்கப்படாமல் மலத்தோடு வெளியே வந்துவிடும். அதன் ஆவியை முகர்வதுதான் ஆபத்து. ஒரே தனிமம், ஆனால் ஒட்டியிருக்கும் மீத்தைல் தொகுதி நடத்தையை இப்படித் தலைகீழாக மாற்றிவிடுகிறது.

மூளைக்குள் நுழையும் வழி

இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இறுக்கமான தடுப்பு உண்டு. மூளைக்கு வேண்டிய அமினோ அமிலங்களை உள்ளே கொண்டுபோக அங்கே தனிக் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு முனையில் மீத்தைல் தொகுதி, அடுத்து ஒரு கந்தகம், மறு முனையில் அமினோவும் அமிலமும். மீத்தைல் பாதரசம் சிஸ்டீனோடு சேர்ந்தால் வரும் மூலக்கூறும் ஒரு முனையில் மீத்தைல் தொகுதி, அடுத்து பாதரசம், கந்தகம், மறு முனையில் அதே அமினோவும் அமிலமும். நீளம், வடிவம் எல்லாம் மெத்தியோனினின் சாயல். கடத்தி ஏமாந்து உள்ளே விட்டுவிடுகிறது. எலிகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள்: இயற்கையான இடஞ்சுழி சிஸ்டீனோடு சேர்த்துச் செலுத்தினால் மூளைக்குள் போகும் அளவு கூடுகிறது. அதன் கண்ணாடிப் பிம்பமான வலஞ்சுழி சிஸ்டீனோடு செலுத்தினால் அப்படிக் கூடவில்லை. கொழுப்பில் கரைந்து சும்மா ஊடுருவிப் போவதென்றால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

உள்ளே போனதும் அது பிடிக்கும் கந்தகங்கள் சாதாரணமானவை இல்லை. செல்லின் உள்கூட்டைத் தாங்கும் டியூபுலின் புரதத்தில் தயால்கள் நிறைய. வளரும் மூளையில் நரம்புச் செல்கள் பிறந்த இடத்திலிருந்து தங்கள் இடத்துக்கு நகர்ந்து போக இந்தக் கூடு வேண்டும். அது குலைந்தால் செல் பிரிவதும் நகர்வதும் தடுமாறும். கந்தகத்தைவிடவும் செலினியத்தின் மேல் பாதரசத்துக்கு நாட்டம் அதிகம். ஆக்சிஜன் சேதத்திலிருந்து மூளையைக் காக்கும் தயோரெடாக்சின் ரிடக்டேஸ், குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ் ஆகிய நொதிகளின் மையத்தில் செலினியம் இருக்கிறது. சிஸ்டீனின் தயால் உடம்பின் அமிலநிலையில் பெரும்பாலும் ஹைட்ரஜனோடுதான் இருக்கும். செலினியமோ ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு எதிர்மின்னோடு தயாராக நிற்கும். நேர்மின் கொண்ட மீத்தைல் பாதரசத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

உடம்பு இதை வெளியேற்ற முயலாமல் இல்லை. கல்லீரல் அதை, சிஸ்டீன் அடங்கிய குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறோடு சேர்த்துப் பித்தநீரில் அனுப்புகிறது. வழியிலேயே குளுட்டாதயோன் உடைந்து சிஸ்டீன் ஆகிறது, குடல் அதை மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. இந்தச் சுற்றில் சிக்கித்தான் உடம்பில் பாதி குறையவே சுமார் 50 நாள் ஆகிறது. குடல் பாக்டீரியாக்கள் மீத்தைல் தொகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடுவதால் தப்பிக்கும் பங்கு மலத்தோடு போகிறது. கார்பன்-பாதரசப் பிணைப்பை வெட்டவே தனி நொதி வைத்திருக்கும் பாக்டீரியாக்கள் மண்ணிலும் நீரிலும் உண்டு. மனிதனிடம் அந்த நொதி இல்லை.

வயிற்றில் இருக்கும்போது, பால் குடிக்கும்போது

நஞ்சுக்கொடியும் அமினோ அமிலங்களைச் சிசுவுக்கு வாரி வழங்கும் இடம். அதே சாயல், அதே ஏமாற்றம். தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரசம் தாயின் இரத்தத்தில் இருப்பதைப் போலச் சராசரியாக 1.7 மடங்கு. ஜப்பானின் மினமாட்டாவில் 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு செய்த ஆலையின் மீத்தைல் பாதரசக் கழிவு விரிகுடாவில் விடப்பட்டது; நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே 1 அன்று. அங்கே அறிகுறி எதுவுமே தெரியாத அல்லது லேசாகவே இருந்த தாய்களுக்கு, கை கால் இழுத்து, பேச்சு வராத குழந்தைகள் பிறந்தார்கள். நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்று மருத்துவர்கள் நம்பியிருந்த காலம். மருத்துவர் ஹராடா மசாசுமி அந்த நம்பிக்கையை உடைத்தார். அதற்குச் சாட்சி சொன்னவற்றில் ஒன்று, வீட்டு வீட்டுக்குச் சின்னப் பெட்டியில் காயவைத்துப் பத்திரப்படுத்தியிருந்த தொப்புள்கொடிகள். அதில் மீத்தைல் பாதரசம் இருந்தது. விழுந்த கொடியைத் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரைஞாணில் கட்டும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டென்பதால், இதைச் சொன்னபோது ஆயா வெகுநேரம் கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

ஆனால் தாய்ப்பால் வேறு. இரத்தத்திலுள்ள மீத்தைல் பாதரசத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிவப்பணுக்களுக்குள், ஹீமோகுளோபினின் சிஸ்டீனைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. பால் சுரப்பது பிளாஸ்மாவிலிருந்து. அதனால் பாலில் பாதரசம் தாயின் இரத்தத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், அதிலும் கணிசமான பங்கு எளிதில் உட்கிரகிக்கப்படாத, மீத்தைல் தொகுதி இல்லாத கனிம வடிவம். குழந்தை மளமளவென்று எடை கூடும் மாதங்கள் அவை; உடம்பு பெருகப் பெருகச் செறிவும் இறங்கும். எனவே இந்த வீட்டில் தாய்ப்பாலை நிறுத்துவது நிச்சயம் தவறு. அதைத்தான் அன்று முதலில் சொன்னேன், மருத்துவரும் அதையே உறுதிசெய்தார்.

அப்படியானால் கவலைப்பட வேண்டிய மாதங்கள் பேறுகாலத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டன. பத்து மாதமும் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். கணவரின் படகில் வந்தது: பெரும்பாலும் மத்தி இனத்துக் கவலை மீன், காரப்பொடி, நெத்திலி போன்ற சின்ன மீன்கள். வஞ்சிரம் விலைக்குப் போய்விடும், வீட்டுக்கு எப்போதாவதுதான். அந்தச் சிக்கனம் இந்தக் குழந்தைக்கு நல்லதே செய்திருக்கிறது. அமெரிக்க நிர்வாகத்தின் அதே சோதனைகளில் மத்தி இனத்தின் சராசரி கிலோவுக்கு 0.013 மில்லிகிராம், சுறாவில் எழுபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

சேற்றிலிருந்து சுறா வரை

ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டில் துடுப்பைக் குத்தினால் அழுகிய முட்டை வாடை வரும். அந்தக் கறுப்புச் சேற்றில் ஆக்சிஜன் இல்லை. சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. உலகெங்கும் இப்படிப்பட்ட சேற்றில்தான் கனிமப் பாதரசம் மீத்தைல் பாதரசமாக மாறுகிறது. பி12 வைட்டமினுக்கு உறவான ஒரு சேர்மத்தைத் தாங்கிய புரதம் மீத்தைல் தொகுதியைக் கொண்டுபோய்ப் பாதரசத்தின் மேல் வைக்கிறது. அதற்கான இரண்டு மரபணுக்கள் 2013இல்தான் கண்டுபிடிக்கப்பட்டன. பாக்டீரியாவுக்கு இதனால் என்ன லாபம் என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பாதரசம் எங்கிருந்து வந்தது என்று ஒரு புகைபோக்கியைச் சுட்டிக்காட்ட முடியாது. நிலக்கரி எரிக்கும் இடங்களிலிருந்தும், சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்தும் ஆவியாகிப் பல மாதம் காற்றில் சுற்றிவிட்டு, எந்தக் கடலிலும் இறங்கும். இதற்காகத்தான் 2013இல் மினமாட்டா உடன்படிக்கை வந்தது. இந்தியா 2018இல் ஏற்பளித்தது.

இங்கும் மீத்தைல் தொகுதியின் வேலை உண்டு. கனிமப் பாதரசம் கடலின் நுண்பாசிச் செல்லின் வெளிச்சவ்விலேயே பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். மீத்தைல் பாதரசம் உட்சாறு வரை போய்ப் புரதத்தில் சேரும். பாசியைத் தின்னும் சிற்றுயிர் உட்சாற்றைச் செரித்துக்கொண்டு சவ்வைக் கழிவாக்கிவிடுகிறது. அடுத்த படிக்கு மீத்தைல் பாதரசம்தான் ஏறுகிறது. இப்படிப் படிதோறும் நடந்து, பெரிய வேட்டை மீனின் பாதரசத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் மீத்தைல் வடிவமாகவே ஆகிவிடுகிறது. வயதான மீன், பெரிய மீன், மீனைத் தின்னும் மீன்: இம்மூன்றும் சேர்ந்தது சுறா.

என்ன முடிவெடுத்தார்கள்

முறிமருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை. டைமெர்கேப்ரால் என்ற பழைய முறிமருந்து, தானே இரண்டு தயால் கொண்டது, விலங்குச் சோதனைகளில் பாதரசத்தை மூளைக்குள் கூடுதலாகத் தள்ளிவிட்டது. மீத்தைல் பாதரசத்துக்கு அது இன்று கூடவே கூடாது. இணையத்தில் விற்கும் ‘உடம்பைச் சுத்தம் செய்யும்’ பொடிகள் பக்கமே போக வேண்டாம் என்றேன்.

மீனை நிறுத்தச் சொல்லவில்லை. அதைச் சொல்லும் மருத்துவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. பால் கொடுக்கும் பெண்ணுக்கு மீனின் புரதமும் அயோடினும் ஒமேகா-3 கொழுப்பும் வேண்டும். தினமும் மீன் சாப்பிடும் செஷல்ஸ் தீவுக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில் சீரான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. திமிங்கில இறைச்சியும் சேர்த்துத் தின்ற ஃபாரோ தீவுகளில்தான் நினைவாற்றலிலும் கவனத்திலும் மொழியிலும் குறை தெரிந்தது. எந்த மீன் என்பதே கேள்வி. பால்சுறாவின் இடத்தில் நெத்திலியும் காரப்பொடியும் வந்தன. பூண்டுக் குழம்பு அப்படியே தொடர்ந்தது. ஆயா முழுக்க விட்டுக்கொடுக்கவில்லை. “மாசத்துக்கு ஒருக்கா, அதுவும் சின்னதா பாத்து வாங்கறேன்” என்றார். 150 கிராமுக்குள் என்று பேசி முடித்தோம். மாதம் ஒரு முறை என்றால் என் மோசமான கணக்கிலும் வரம்புக்குள்தான் வருகிறது.

அந்த வீட்டின் இளைய பெண்ணுக்கு வருகிற தையில் கல்யாணம். அவளுக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் தேவை. 50 நாளில் பாதி என்றால் 200 நாளில் பதினாறில் ஒரு பங்கு. குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு ஆறேழு மாதம் முன்பே சுறாவையும் பெரிய வேட்டை மீன்களையும் தட்டிலிருந்து எடுத்துவிட்டால், சிசுவின் மூளை உருவாகத் தொடங்கும் வாரங்களில் தாயின் உடம்பில் பழைய பாக்கி ஏறக்குறைய தீர்ந்திருக்கும். கர்ப்பம் உறுதியான பிறகு தரும் அறிவுரை, இந்த ஒரு விஷயத்தில், தாமதமாக வரும் அறிவுரை. கிராமச் செவிலியர்கள் கல்யாணமான பெண்களுக்கு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கும்போதே இதையும் சொல்லலாம்.